வீட்டாரைப் பற்றி நோயாளியிடம் தனியே ஏன் கேட்கிறோம்?

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோர் தனித்து வருவதில்லை. தாயோ, மனைவியோ, அண்ணனோ, அத்தையோ உடன் வருகின்றனர். மருத்துவர் நோயாளியைப் பார்த்து, “இரவில் தூக்கம் வருகிறதா?” என்று கேட்டால் விடை பெரும்பாலும் உடன் வந்தவரிடமிருந்தே வருகிறது. அவர்கள் அக்கறையினால்தான் பேசுகின்றனர், அதில் ஐயமில்லை. ஆயினும் பத்து ஆண்டுகளாக மாத்திரை வாங்கிச் செல்லும் ஒருவர், தம் வீட்டைப் பற்றித் தம் வாயால் ஒரு சொல்லும் சொல்லாமலே அந்தப் பத்து ஆண்டுகளையும் கழித்துவிடக்கூடும்.

ஆகையால் நோயாளியைச் சிறிது நேரம் தனியே அழைத்து, வீட்டார் தம்மை எவ்வாறு நடத்துவதாக அவர் உணர்கிறார் என்பதை ஒரு வினாப்பட்டியலின் துணைகொண்டு கேட்டறிகிறோம். கதவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு இது உறுத்தலாக இருப்பதை அறிவோம். “எங்களைப் பற்றி என்ன கேட்டீர்கள்? அவன் என்ன சொன்னான்?” என்று வினவுவோரும் உண்டு. “இவ்வளவு பாடுபட்டும் எங்கள்மேலேயே குற்றமா?” என்று கண் கலங்குவோரும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனச்சிதைவு நோய் குடும்பத்தாரால் உண்டாவதன்று. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் நடத்தையே பிள்ளைக்கு இந்நோயை உண்டாக்குகிறது என்ற பொருள்படும் ஒரு சொல்லை எழுதினார். அச்சொல் பல ஆண்டுகள் மருத்துவ நூல்களில் உலவிற்று. எத்தனையோ தாய்மாரை வாட்டிற்று. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைத் தாங்கவில்லை. இன்று அது கைவிடப்பட்ட கருத்து. மரபுக்கூறுகளும், மூளையின் வளர்ச்சியும் வேதியியலும், வாழ்க்கை நெருக்கடிகளும் சேர்ந்தே இந்நோய் தோன்றுகிறது. தோன்றிய பின்னர் அது எவ்வளவு அடங்கியிருக்கும், எவ்வளவு விரைவில் மீண்டும் தலைதூக்கும் என்பதில்தான் வீட்டுச் சூழலுக்குப் பங்குண்டு. காரணம் வேறு, போக்கு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே வீண் மனவருத்தங்கள் விளைகின்றன.

வீட்டுச் சூழலின் பங்கு வெளிப்பட்ட விதம் சுவையானது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனைகளிலிருந்து நீண்ட காலத்திற்குப் பின் வீடு திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைகளுக்கோ உடன்பிறந்தாரிடமோ சென்றவர்கள் நன்றாக இருந்தனர். நெருங்கிய உறவே நன்மை பயக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். கிடைத்த விடை வேறாக இருந்தது. அதன் காரணத்தைத் தேடிய பிரவுனும் அவருடைய குழுவினரும் வீட்டாருடன் நீண்ட நேர்காணல்கள் நடத்தினர். அவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, சொல்லையும் குரலின் தொனியையும் சேர்த்து மதிப்பிட்டனர். குறை கூறும் சொற்கள், பகைமை, அளவுக்கு மீறிய ஈடுபாடு, அன்பு, பாராட்டு ஆகிய ஐந்தையும் அதில் கணக்கிட்டனர். ‘வெளிப்படுத்தப்படும் உணர்ச்சி’ என்பது இவ்வளவீட்டிற்கு வழங்கும் பெயர். 1972இல் வெளிவந்த ஆய்வில், குறைகூறலும் பகைமையும் மிகை ஈடுபாடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியோரில் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் மீண்டது. அவை குறைந்த வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கே மீண்டது.

இந்த அளவீடு நம் நாட்டிற்குப் பொருந்துமா? சண்டிகரில் என். என். விக், லண்டனின் ஜூலியன் லெஃப் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் ஆராய்ந்து 1987இல் முடிவுகளை வெளியிட்டனர். லண்டன் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி ‘மிகை உணர்ச்சி’ப் பிரிவில் அடங்கின. சண்டிகரில் 23 விழுக்காடே அவ்வாறு இருந்தன. இங்கும் நோய் மீள்வதற்கும் வீட்டுச் சூழலுக்கும் தொடர்பு தென்பட்டது. ஆனால் கூறுகளைத் தனித்தனியே பார்த்தபோது பகைமை ஒன்றே தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோதோ, குறைகூறலைவிட அன்பின்மையே நோய் மீள்வதோடு அதிகம் தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஆக, எந்தச் சொல் எந்த வீட்டில் எவ்வளவு காயப்படுத்தும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

மேற்கூறிய ஆய்வுகளிலெல்லாம் பேசியவர் உறவினர், மதிப்பிட்டவர் ஆராய்ச்சியாளர். நோயாளி எங்கே? அக்குறையை நிரப்பவே வேறுவகை அளவுகோல்கள் எழுந்தன. 1988இல் கனடாவில் கோல், காசாரியன் ஆகிய இருவர் அறுபது கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். கடந்த மூன்று மாதங்களில் தமக்கு மிக நெருக்கமான உறவினர் தம்மிடம் நடந்துகொண்ட விதத்தை நோயாளியே ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிப்பார். தம் காரியங்களில் தலையிடுதல், உணர்ச்சிவசப்படுதல், நோயைப் பற்றிய மனப்பாங்கு, பொறுமையும் எதிர்பார்ப்பும் என்ற நான்கு பகுதிகள் அதில் உண்டு. 1978இல் ஸ்மில்க்ஸ்டீன் என்ற அமெரிக்கக் குடும்ப மருத்துவர் அமைத்த பட்டியலில் ஐந்தே கேள்விகள். இக்கட்டில் உதவி கிடைக்கிறதா, முடிவுகளில் தமக்கும் இடமுண்டா, தாம் வளர வீட்டார் இடம் கொடுக்கின்றனரா, அன்பு காட்டுகின்றனரா, தம்முடன் நேரம் செலவிடுகின்றனரா என்பதே அவற்றின் சாரம். நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவுக்கு ஏற்ற அளவு அது.

எல்லாவற்றிலும் எளியது 1989இல் ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் பயன்படுத்திய கேள்வி. “உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை கூறுகிறார்? ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்” என்ற ஒரே ஒரு வினா. மனச்சோர்வு நோயாளிகளில் யாருக்கு நோய் மீளும் என்பதை, நீண்ட நேர்காணல்களால் பெற்ற மதிப்பீட்டைவிட இந்த ஒற்றை எண் நன்றாகச் சுட்டிக்காட்டிற்று. மனச்சிதைவு நோயாளிகளிடம் பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே சீராக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் உறவினர் என்ன சொன்னார் என்பதற்கும், கேட்டவர் மனத்தில் அது எவ்வாறு விழுந்தது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இக்கேள்வி வெளிச்சமாக்கியது. சிகிச்சையில் எங்களுக்குப் பயன்படுவது அத்தொலைவே.

உடன் வருவோர் இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்புவர், அது நியாயமானது. “சோற்றில் நஞ்சு வைத்தோம் என்று எங்களையே சந்தேகப்பட்டவன் ஆயிற்றே. அவன் சொல்வதை எப்படி நம்புவீர்கள்?”

நம் மாவட்டத்து மக்காச்சோள வியாபாரத்தை எண்ணிப் பாருங்கள். மூட்டையைத் தராசில் ஏற்றினால் எடை தெரியும். அவ்வெடையில் எவ்வளவு சோளம், எவ்வளவு ஈரம் என்பதைத் தராசு சொல்லாது. ஈரப்பதத்தைத் தனியே பார்ப்பார்கள். ஈரம் இருக்கிறது என்பதற்காகத் தராசை எவரும் தூக்கி எறிவதில்லை. நோயின் அறிகுறிகளை நாங்கள் வேறோர் அளவுகோலால் தனியே மதிப்பிடுகிறோம். ஐயப்பாடும் குரல் கேட்பதும் மிகுந்திருக்கும் நாள்களில் பெற்ற விடையைக் குறித்து வைத்துக்கொண்டு, அவை தணிந்த பின் அதே கேள்விகளை மறுபடியும் கேட்கிறோம். நஞ்சு பற்றிய பேச்சு மறைந்த பிறகும், “என்னை யாரும் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்வதில்லை” என்ற விடை மாறாதிருந்தால் அதை நோயின் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. பொதுவாகக் கேளாமல் நிகழ்ச்சியைக் கேட்பதும் ஒரு வழி. “நேற்று இரவு யார் பரிமாறினார்கள்? அப்போது என்ன பேசினார்கள்?” என்று கேட்டால் கற்பனைக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் புலப்பட்டுவிடும். இயலுமானால் அதே கேள்விகளை உறவினரிடமும் தனியே கேட்கிறோம். யார் சொல்வது மெய் என்று தீர்ப்புக் கூறுவதற்காக அன்று. இருவர் விடைகளும் எங்கே விலகுகின்றன என்று காண்பதற்காக. மேலும், உணர்வு தவறான அடிப்படையில் எழுந்ததாகவே இருந்தாலும் அது தரும் வலி மெய்யான வலியே. தம்மை எல்லோரும் வெறுப்பதாக நம்பி ஒருவர் வாழ்ந்தால், அந்நம்பிக்கையின் சுமையை அவர் உடலும் மனமும் சுமந்தே தீரவேண்டும்.

அடுத்தது மொழிச் சிக்கல். அயல்நாட்டு வினாப்பட்டியலை அப்படியே தமிழாக்கினால் போதாது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பாராத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. சொல் அதில் சரியாகிவிடலாம், வாழ்க்கை சரியாகிவிடாது. ‘விமர்சனம்’ என்று எழுதினால் அது செய்தித்தாள் சொல். ‘குறை சொல்லுதல்’, ‘ஏசுதல்’, ‘திட்டுதல்’, ‘சாடை பேசுதல்’ ஆகிய நான்கும் நான்கு வேறு செயல்கள். அவற்றுள் திட்டு பல வீடுகளில் உரிமையின் அடையாளம்; “என்னைத் திட்டக்கூட ஆளில்லை” என்பது இங்கே தனிமையின் முறையீடு. சாடைப் பேச்சோ நேர்த்திட்டைவிடக் கொடியது என்று பலர் எங்களிடம் கூறியுள்ளனர். ‘உங்கள் தனிமைக்கு மதிப்பளிக்கின்றனரா?’ என்ற கேள்வி ஒற்றை அறை வீட்டில் பொருளிழக்கிறது. ‘நெருங்கிய உறவினர் யார்?’ என்ற கேள்வியும் எளிதன்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வெளி மாநிலங்களுக்குச் செல்வோர் பலர். பெற்றோர் ஆண்டின் பல மாதங்கள் ஊரில் இல்லாதபோது, நோயுற்ற மகனைப் பாட்டியோ பெரியப்பா வீட்டாரோ பார்த்துக்கொள்கின்றனர். படிவத்தில் ‘தாய்’ என்று எழுதிவிட்டுப் பாட்டியை மறந்தால் அளவீடு முழுவதும் பிழையாகிவிடும்.

எனவே அயல்நாட்டுக் கேள்விகளோடு நம் வீடுகளுக்குரிய சிலவற்றையும் சேர்த்துக் கேட்கிறோம். எல்லோருடனும் அமர்ந்து உண்கிறீர்களா, உங்களுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருக்கின்றனரா? உறவினர் திருமணத்திற்கு உங்களையும் அழைத்துச் சென்றனரா, வீட்டுக்குக் காவலாக விட்டுச் சென்றனரா? கூலியோ உதவித்தொகையோ வந்தால் அதில் சிறிதளவேனும் உங்கள் கைக்கு வருகிறதா? நிலத்தை அடகு வைப்பது போன்ற செய்திகளை உங்களிடம் சொல்கின்றனரா, பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறீர்களா? விருந்தினர் வரும்போது உள்ளே போகச் சொல்கின்றனரா? உங்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றனரா? கடைசிக் கேள்விக்கு மௌனமே விடையாக வருவதுண்டு. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கும், கவனம் நிலைக்காதோர்க்கும் கேள்விகளை வாசித்துக் காட்டுகிறோம். ‘பத்துக்கு எவ்வளவு?’ என்ற கேள்வி பள்ளி சென்றவர்க்கு எளிது, மற்றவர்க்குப் பொருளற்றது. பத்துப் புளியங்கொட்டைகளை மேசைமேல் வைத்து, “அம்மா உங்களைக் குறை சொல்வது எவ்வளவு? அந்த அளவு கொட்டைகளை இந்தப் பக்கம் நகர்த்துங்கள்” என்கிறோம். பேசத் தயங்குபவர்களும் கொட்டையை நகர்த்துகின்றனர். சிலர் ஏழை நகர்த்திவிட்டு, சற்று யோசித்து, இரண்டைத் திரும்ப எடுத்து வைப்பார்கள். அந்தத் திருத்தம் எந்தப் படிவத்திலும் ஏறாது. ஆனால் உரையாடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அளந்து என்ன பயன்? பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். தாய் நாள்தோறும் மூன்று வேளையும் “மாத்திரை போட்டாயா?” என்று கேட்கிறார். மகன் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். இரவில் இருமுறை எழுந்து அவன் உறங்குகிறானா என்று பார்க்கிறார். தாயிடம் கேட்டால், “அவன் என் உயிர்” என்பார். அது முற்றிலும் உண்மை. மகன் முன் கொட்டைகளை வைத்தால் ஒன்பதை நகர்த்துகிறான். அன்பு இங்கே குறையவில்லை; அது சென்று சேரும்போது உருமாறிவிடுகிறது. இவ்விடைவெளியை அறியாத மருத்துவர், “அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்” என்று எழுதி, மாத்திரையின் அளவை மட்டுமே மாற்றிக்கொண்டிருப்பார். அறிந்தால் செய்யத்தக்கவை சில உண்டு. மாத்திரையை நாளொன்றுக்கு ஒரே வேளையாகச் சுருக்க இயலுமா, மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்து அவருக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம். கேட்கும் பொறுப்பைத் தாயிடமிருந்து அண்ணனுக்கோ கிராம சுகாதாரச் செவிலியருக்கோ மாற்றலாம். மகனுக்கும் தாய்க்கும் இடையே மாத்திரையைத் தவிர வேறு ஒரு பேச்சு நாளுக்கு ஒருமுறையேனும் நிகழ வழி செய்யலாம். ஆடு மேய்ப்பதைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசினாலும் போதும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கொட்டை ஒன்றும் நகர்வதில்லை. குறை சொல்வோர் எவருமில்லை. அப்படியானால் எல்லாம் நலம் என்று கொள்ளலாமா? திட்டுவதும் இல்லை, பேசுவதும் இல்லை, கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை என்ற வீடுகளிலும் இவ்விடைதான் வரும். சென்னையில் 1990களில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், நகரத்தின் ஒரு பகுதியில் கண்டறியப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பகுதியினர் ஒருபோதும் சிகிச்சை பெறாதவர்களாக இருந்தனர். அவர்களில் பலர் கூட்டுக் குடும்பங்களில் வாழ்ந்தவர்கள். பெரிய குடும்பம் ஒருவரைத் தாங்கிக்கொள்கிறது. தாங்கிக்கொள்வதாலேயே சிகிச்சை தள்ளிப்போவதும் உண்டு. மலையூர்களில் பங்காளி வீடுகளுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களை எண்ணும்போது இம்முடிவு எங்கள் நினைவுக்கு வருகிறது.

ஒரு பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம். நோயாளிக்குத் தெரியாமல் சோற்றிலோ காபியிலோ மருந்தைக் கலந்து கொடுப்பது பரவலாக உள்ளது. வேறு வழியின்றிச் செய்கின்றனர் என்பதை அறிவோம். ஆயினும் சோற்றில் ஏதோ கலக்கின்றனர் என்று அஞ்சுபவரின் அச்சத்தை அச்செயல் மெய்யாக்கிவிடுகிறது. ஒருநாள் அவர் கண்டுபிடித்துவிட்டால், வீட்டாரைப் பற்றிய அவர் மதிப்பு மீண்டும் ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகும். அந்நிலைக்கு வந்துவிட்டதாக எண்ணுவோர் கலப்பதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

இவ்வளவீட்டிற்குச் சட்டத்தோடும் தொடர்புண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தமக்குரிய நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்குகிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டால் போதும். சிகிச்சை பற்றிய முடிவுகளில் தமக்கு யார் துணை நிற்கவேண்டும் என்பதை நோயாளியே சொல்லலாம். அவர் தந்தையைச் சொல்லாமல் தங்கையைச் சொன்னால், அதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கேட்கும் கடமை எங்களுக்கு உண்டு. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் அச்சட்டம் தடை செய்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியிட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட துயரத்தைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. தனியறையில் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ‘உங்களைக் கட்டி வைத்ததுண்டா?’ என்பதும் ஒன்று.

நோயாளி கூறியவை மருத்துவக் குழுவினரைத் தாண்டிச் செல்வதில்லை. அவர் இசைந்தால் மட்டுமே, இசைந்த அளவுக்கு மட்டுமே, வீட்டாரிடம் பேசுகிறோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இவ்விதி தளரும்; அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஆகவே வீட்டிற்குச் சென்றதும் “உள்ளே என்ன சொன்னாய்?” என்று அவரை வற்புறுத்த வேண்டாம். அவ்வாறு ஒருமுறை நேர்ந்தால் மறுமுறை அவர் உண்மையைச் சொல்லமாட்டார். அளவீடு வெற்றுத் தாளாகிவிடும்.

குடும்பத்தாரின் சுமையை யார் அளப்பது என்று கேட்பீர்கள். அதற்கும் அளவுகோல் உண்டு. அது நம் மாநிலத்திலேயே பிறந்தது. மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் பராமரிப்போரிடமே கேட்டறிந்து நாற்பது கேள்விகள் கொண்ட சுமை மதிப்பீட்டுப் பட்டியலை அமைத்து 1998இல் வெளியிட்டனர். பணச் செலவு, உடல் நலம், உறக்கம், உறவுகளில் விரிசல், ஊராரின் பேச்சு ஆகியவற்றை அது தொடுகிறது. நோயாளியின் விடையையும் அப்பட்டியலின் விடையையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது பல வீடுகளின் கதை விளங்கும். சோர்ந்துபோன தாயின் எரிச்சலே மகனுக்குப் பகையாகத் தோன்றுகிறது. மகனின் ஒதுக்கம் தாயை மேலும் சோர்வுறச் செய்கிறது. தாய்க்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்தால் மகனின் கொட்டைகள் குறைவதைக் கண்டிருக்கிறோம். குடும்பத்தையே சிகிச்சையின் துணையாகக் கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950களிலேயே அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினர்களை நோயாளிகளுடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது நெடுநாளைய வழக்கம்.

அடுத்த முறை வரும்போது நோயாளியோடு மிகுந்த நேரம் செலவிடுபவர் எவரோ அவரே உடன் வருவது நல்லது. படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியமன்று. தனியே கேட்பதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்நேரத்தில் உறவினரும் எங்கள் சமூகப் பணியாளரிடம் தம் சுமையைப் பற்றித் தனியே பேசலாம். வர இயலாத நாள்களில் ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வெள்ளிமலை, கச்சிராயப்பாளையம் வழியாக வருவோர் தங்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஓ.பி. சீட்டு பதியும்போதே சொல்லிவிட்டால், அவர்களை முதலில் அழைத்துவிடுவோம்.